மஞ்சளில் நனைத்த கொடி

பொருளாதாரம் சொல்லிக்கொடுத்து வயிறு கழுவுகிறவள் நான். ஜொகூர் பாருவில் ஒரு தனியார் கல்லூரி. வளரும் நாடுகளின் பொருளாதாரம் என்று ஒரு பாடம். ஒவ்வொரு பருவத்திலும் ஏழாவது வாரம் வாக்கில், உதவி யாருக்குப் போய்ச் சேர்கிறது, யாருக்குச் சேராமல் போகிறது என்கிற அத்தியாயம் வரும். பலகையில் இரண்டு கட்டம் போடுவேன். தேவையில்லாதவர் கைக்கு உதவி போய்விடுவது முதல் பிழை. தேவையுள்ளவர் கைக்குப் போகாமலே நின்றுவிடுவது இரண்டாவது. அதற்கு விடுபடல் பிழை என்று பெயர். முன்பெல்லாம் இரண்டையும் ஒரே மூச்சில் எழுதி, ஆப்பிரிக்காவிலிருந்து ஒன்று, தெற்காசியாவிலிருந்து ஒன்று என்று உதாரணம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். இப்போது இரண்டாவது கட்டத்தில் கை நின்றுவிடுகிறது. பேனாவில் மை தீர்ந்துவிட்டது என்று நினைத்து முன்வரிசைப் பெண்கள் வேறு பேனா எடுத்துத் தருகிறார்கள். நானும் வாங்கிக்கொள்கிறேன்.

பெருந்தொற்றின் இரண்டாவது வருடம் அது. பாலம் மூடிக் கிடந்தது. எங்கள் ஊரில் பாலம் என்றாலே சிங்கப்பூருக்குப் போகிற பாலம்தான். விடிவதற்கு முன் மோட்டார் சைக்கிளில் அந்தப் பக்கம் போய்ச் சம்பாதித்து, இருட்டிய பிறகு இந்தப் பக்கம் வந்து சாப்பிடுவது பாதி வீடுகளின் பிழைப்பு. மூடப்போகிறார்கள் என்று அறிவிப்பு வந்த அன்று சிலர் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு அங்கே ஓடினார்கள். சிலர், ரெண்டு வாரம்தானே என்று பெண்டாட்டி பிள்ளைகளோடு இருந்துவிட்டார்கள். இருந்துவிட்டவர்களுக்கு வேலை போயிற்று. எங்கள் பாடத்தில் இதை வெளி அதிர்ச்சி என்போம்: நாம் ஒரு தப்பும் செய்யாமலிருக்க, வெளியிலிருந்து வந்து நம் கூரைமேல் விழுவது. வகுப்பில் சொல்லும்போது நன்றாகத்தான் இருக்கும். பெர்மாஸ் ஜெயாவில் என் வீட்டு ஜன்னலைத் திறந்தால், எதிர்வரிசையில் மூன்று மோட்டார் சைக்கிள்கள் வருடக்கணக்காக ஓடாமல் தூசு பிடித்துக் கிடந்தன.

அந்தச் சமயத்தில்தான் வீட்டு வாசலில் வெள்ளைத் துணி கட்டும் வழக்கம் நாடு முழுக்கப் பரவியது. அடுப்பில் வைக்க ஒன்றுமில்லை என்று யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவேண்டாம். கேட்டில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிவிட்டால் போதும். பார்க்கிறவர்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள். கொடுத்தார்கள், அதையும் சொல்லவேண்டும். மலாய்க்காரர் வீட்டுக் கொடிக்குச் சீனர் அரிசி வைத்துவிட்டுப் போனதையும், தமிழர் வீட்டுக் கொடிக்கு மசூதியிலிருந்து ஆள் வந்ததையும் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எங்கள் தாமான், அதாவது குடியிருப்புக் கோயில் கமிட்டிக்கு வெளிநாட்டு அறநிலையம் ஒன்றிலிருந்து உதவி வந்தது. பெயர் எதற்கு? நல்லவர்கள்தான். அரிசி, எண்ணெய், கோதுமை மாவு, மீஹூன் என்கிற அரிசிச் சேமியா, சாடின் மீன் டின், பால் டின் எல்லாம் சேர்த்து ஒரு கூடை. சின்னக் குடும்பத்துக்கு ஒரு வாரம் காணும். வாரம் ஒன்றாக மூன்று சுற்று கொடுக்க வேண்டும். ஆனால் சும்மா கொடுத்துவிடுவார்களா? யாருக்குக் கொடுப்பீர்கள், எப்படித் தேர்ந்தெடுப்பீர்கள் என்று முதலில் எழுதித் தரவேண்டும். கொடுத்ததற்குப் படம் எடுத்து அனுப்பவேண்டும். கமிட்டித் தலைவர் போனில் கூப்பிட்டார்.

"டீச்சர், நீங்க படிச்சவங்க லா. அவங்க கேக்குற மாதிரி இங்கிலீஷ்ல ஒண்ணு எழுதி குடுங்க."

ஒரே உட்காரலில் எழுதிவிட்டேன். பாத்திரமறிந்து பிச்சையிடு என்று நம்மவர்கள் ஒரு வரியில் சொன்னதற்குத்தான் பெரிய பெரிய நிறுவனங்கள் மாநாடு நடத்துகின்றன. பாத்திரத்தை எப்படி அறிவது என்பதுதான் பாடு. சம்பளச் சீட்டைக் காட்டு என்றால் வேலை போனவனிடம் ஏது சீட்டு? கமிட்டியிடம் விட்டால் மாமன் மச்சான் பட்டியல் வரும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவேண்டுமே. ஆகவே தேவைப்படுகிறவரே தம்மைத் தெரிவித்துக்கொள்ளட்டும் என்று எழுதினேன். வெள்ளைக் கொடி கட்டிய வீட்டுக்கு மட்டும் கூடை, கொடி தெரிகிற மாதிரி ஒரு படம். சிபாரிசு கிடையாது, விசாரணை கிடையாது, யார் மனதும் நோகாது. இருபது வருடமாக வாயால் சொன்னதை ஒருமுறை கையால் செய்கிறோம் என்று எனக்குக் கர்வம். திட்டத்தைப் பாராட்டி அங்கிருந்து பதில் வந்தது. அதை இரண்டு தரம் படித்தேன். ஒளிப்பானேன், மூன்று தரம்.

வேன் ஓட்டப் பக்கத்து வீட்டு மலாய்க்காரர் வந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். பள்ளி மூடிவிட்டதால் சும்மா இருந்தார். அறுபதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். பெரியவர்களை மலாயில் மரியாதையாகக் கூப்பிடுவதுபோல நான் அவரைப் பாக்சிக் என்பேன். அவருக்கு நான் டீச்சர். கொடியைக் கண்டால் வேனை நிறுத்துவார். நான் இறங்கிக் கூடையைக் கேட்டடியில் வைத்துவிட்டு, நான்கடி தள்ளி நின்று படம் எடுத்துக்கொண்டு ஏறுவேன். முகக்கவசத்துக்குள் வேர்த்துக் கொட்டும். முதல் சுற்றில் கடைசிச் சந்துக்குள் நுழையும்போது மத்தியானம் ஆகிவிட்டது. வேனில் இன்னும் நான்கு கூடைகள் இருந்தன.

அந்தச் சந்தின் நடுவில் ஒரு வரிசை வீடு. நிலைப்படிக்கு மேலே காய்ந்த மாவிலைத் தோரணம், கேட்டை ஒட்டிப் பெரிய தொட்டியில் ஒரு வேப்பங்கன்று. எங்கள் ஆட்கள் வீடு என்று சொல்லாமலே தெரியும். கேட்டின் கம்பியில் ஒரு துணி கட்டியிருந்தது. நல்ல மஞ்சள் நிறம்; காய்ந்தும் காயாமலும், மஞ்சள் திட்டுத்திட்டாக ஏறிய துணி. வேப்பங்கிளை ஒன்று அதன்மேல் சாய்ந்திருந்தது.

பாக்சிக் பிரேக்கை மிதித்தார். "யாங் இத்து புன் பெண்டேரா கெ, டீச்சர்?" என்றார். அதுவும் கொடிதானா என்று கேட்கிறார்.

என்னிடம் பதில் தயாராக இருந்தது. அம்மை போட்டால் அம்மா வந்திருக்கிறாள் என்று சொல்கிற வீட்டில் வளர்ந்தவள் நான். ஏழு வயதில் எனக்கு முத்துப் போட்டபோது வாசலில் வேப்பிலையும் மஞ்சள் துணியும் கட்டினார்கள். வெளியாள் யாரும் உள்ளே வரவில்லை, யாரும் வாசலில் நின்று குரல் கொடுக்கவில்லை, வீட்டில் தாளிப்பு கிடையாது. மூன்று தண்ணீர் ஊற்றிய பிறகுதான் துணியை அவிழ்த்தார்கள். அந்த மஞ்சளையும் அந்த வேப்பிலையையும் சேர்த்துப் பார்த்த மாத்திரத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கொடி இல்லை பாக்சிக், அந்த வீட்டில் யாருக்கோ அம்மை, அதை நாங்கள் சாமி வந்திருப்பதாகச் சொல்வோம், கிட்டப் போகக்கூடாது, ஒன்றும் கொடுக்கவும் கூடாது என்று மலாயில் விளக்கினேன். பாடம் நடத்துகிற குரலில்தான் சொல்லியிருப்பேன்.

அவர் கொஞ்ச நேரம் துணியையே பார்த்தார். "வெளியே நின்றே கேட்டுப் பார்க்கலாமே, டீச்சர்" என்றார், மெதுவாக.

"உங்களுக்குத் தெரியாது, பாக்சிக்" என்றேன்.

அடுத்தவர் சாமி விஷயத்தில் தலையிடாத நல்ல மனிதர். ஹாரனிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். நான் வேனிலிருந்து இறங்கினேன். செருப்பைக் கழற்றிவிட்டுச் சுடுகிற தாரில் நின்று, அந்தக் கேட்டைப் பார்த்துக் கைகூப்பினேன். கன்னத்தில் போட்டுக்கொண்டேன். தாயே, இந்த வீட்டுப் பிள்ளைகளைத் தழும்பில்லாமல் விட்டுப் போ என்று வேண்டிக்கொண்டேன். மனதாரத்தான் வேண்டினேன். ஜன்னல் திரை அசைந்த மாதிரி இருந்தது. வெளிச்சம் கண்ணில் படாமல் இழுத்து விடுகிறார்கள் போலிருக்கிறது, பாவம், என்று நினைத்துக்கொண்டு ஏறிவிட்டேன். மிச்சமான நான்கு கூடைகளையும் கோயில் கிடங்கில் இறக்கிவைத்தோம்.

ஒரு மலாய்ப் பெண்ணோ சீனப் பெண்ணோ என் இடத்தில் இருந்திருந்தால் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, தெரியாததால் கேட்டிருப்பாள்.

அடுத்த வாரம் இரண்டாவது சுற்று போனபோது கேட்டில் துணி இல்லை. எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. "தண்ணீர் ஊற்றிவிட்டார்கள், பாக்சிக். அம்மா இறங்கிவிட்டாள்" என்றேன். அவரும் நல்லது நல்லது என்று தலையாட்டினார். அந்த வீட்டைத் தாண்டும்போது நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

இரண்டு நாள் கழித்து பாக்சிக் என் கேட்டருகே வந்து நின்றார். முனைக்கடைச் சீன அம்மாள் சொன்னாராம். அந்த வீட்டில் அம்மையும் இல்லை, ஒன்றும் இல்லை. அது கொடிதான். வீட்டுக்காரன் சிங்கப்பூர்த் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரம் ஓட்டியவன். பாலம் மூடிய அன்று இந்தப் பக்கமே இருந்துவிட்டவர்களில் ஒருவன். கையிலிருந்தது எல்லாம் தீர்ந்த பிறகு கட்டிய கொடி. நாங்கள் நிற்காமல் போனதற்கு மறுநாள் நானாஸுக்கு, அதாவது அன்னாசிக்கு, பேர்போன பெக்கான் நானாஸ் ஊருக்கு அன்னாசி வெட்டக் கிளம்பிவிட்டான். எல்லைகள் மூடியதால் தோட்டங்களுக்கு வெளிநாட்டு ஆட்கள் வர முடியாமல் உள்ளூர்க்காரர்களைத் தேடிக்கொண்டிருந்த நேரம். பாஸ் இல்லாமல் அவ்வளவு தூரம் போக அனுமதி கிடையாது, சாலையில் போலீஸ் தடுப்பு. அதனால் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்து மண்பாதைகளில் புகுந்து புகுந்து போய் வந்திருக்கிறான். ஐந்தாவது நாள் மழை. செம்பனைக் குலை ஏற்றி வந்த லாரி ஒன்று வளைவில் அவனை அடித்துவிட்டது.

பாக்சிக் இதையெல்லாம் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் நின்றார். அன்றைக்கே கேட்டுப் பார்க்கலாம் என்று சொன்னேனே என்று அவர் சொல்லவேயில்லை. இன்றுவரை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது ஆற்றிக்கொண்டிருப்பேன்.

அன்று மாலையே சொந்தமாகச் சாமான் வாங்கி ஒரு கூடை கட்டிக்கொண்டு போனேன். தனியாகத்தான் போனேன். முப்பது வயது சொச்சம் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. நெற்றி வெறுமையாக இருந்தது. ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று அவள் பின்னால் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றது. கூடையை வாங்கி வைத்துவிட்டு, உள்ளே வாங்க கா என்றாள். கூடத்தில் ஒரு நாற்காலிதான் இருந்தது. அதில் என்னை உட்காரவைத்துவிட்டு அவள் தரையில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு வேன்ல வந்தது நீங்கதானே கா?"

"ஆமாம்மா."

"செருப்ப கழட்டிட்டு கும்பிட்டீங்க. நாங்க ரெண்டு பேரும் ஜன்னல் கிட்ட நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தோம். கூப்பிடலாம்னு வாய தொறந்தேன். அவருதான் விடல. குடுக்குறதா இருந்தா இறங்கின ஆளு குடுத்திருக்கும், நமக்கு இல்ல போல, வுடுன்னாரு. அப்பவே கூட்டாளிக்கு போன் போட்டு நானாஸ் வேலைக்கு ஆளு வேணுமான்னு கேட்டாரு."

அவள் குழந்தையின் தலையைக் கோதிக்கொண்டே சொன்னாள்.

"வெள்ளத் துணிதான் கட்டணும்னு தெரியும் கா. அவரு நல்லா உசுரோட இருக்கும்போது வாசல்ல எப்படி வெள்ளைய கட்டுறது? எங்கம்மா பாத்தா செருப்பால அடிக்கும். அதான் மஞ்சள்ல நனைச்சு கட்டினேன்." பிறகு நிமிர்ந்து என்னை நேராகப் பார்த்தாள். "கலர் மாறிப்போனதாலதான் குடுக்காம போனீங்களா கா?"

அந்தக் கேள்வியை என்மேல் வீசிய கல் என்றுதான் எடுத்துக்கொண்டேன். தாலிக்குப் பங்கம் வரக்கூடாது என்று அவள் மஞ்சளில் நனைத்திருக்கிறாள். அந்த மஞ்சளைப் பார்த்துத்தான் நான் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறேன். ஆமாம் என்ற ஒரு சொல் வாயில் வரவில்லை. பயந்துவிட்டேன், அவ்வளவுதான். இதற்கு வேறு நல்ல பெயர் கொடுக்க நான் விரும்பவில்லை.

"இல்லம்மா. கலர்லாம் இல்ல. கூடை தீந்துபோச்சு. உங்க வீட்டுக்கு வர்றதுக்குள்ள வேன்ல ஒண்ணும் இல்ல. வெறுங்கையோட வந்து நிக்கிறோமேன்னு வெக்கமா போச்சு. அதான் மன்னிச்சிடுங்கன்னு கும்பிட்டுட்டு போனேன்."

"அப்படியா கா" என்றாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம், "அப்படியா" என்றாள். எழுந்துபோய் எனக்குக் கறுப்புக் கோப்பி கலக்கிக்கொண்டு வந்தாள். நான் சொன்னதை அவள் நம்பவில்லை, நாகரிகம் தெரிந்தவள், அதனால் விட்டுக்கொடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு குடித்தேன். சீனி போடாத கோப்பி. வீட்டில் சீனி இல்லையா, அல்லது மறந்துவிட்டாளா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

மூன்று சுற்றும் முடிந்ததும் அறநிலையத்துக்கு அறிக்கை எழுத வேண்டியிருந்தது. கொடி கட்டிய எந்த வீடும் விடுபடவில்லை என்று எழுதினேன். எது கொடி, எது கொடியில்லை என்று முடிவு செய்தவளே நான்தானே, பிறகென்ன? எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்கள். கெடுத்த ஏடு அழகாக அச்சாகி, முகப்பில் என் படத்தோடு வந்தது. அதை மேசையின் கடைசி இழுப்பறையில் கவிழ்த்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு எனக்குக் கண் சரியில்லை. கார் ஓட்டும்போது சாலையைப் பார்க்காமல் கேட்டுகளைப் பார்க்கிறேன். கயிற்றில் காய்கிற மஞ்சள் துண்டு, பிள்ளைகளின் விளையாட்டுச் சட்டை, கடை வாசலில் தொங்கும் பை, எது மஞ்சளாகத் தெரிந்தாலும் கால் தானாக பிரேக்குக்குப் போய்விடுகிறது. பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்துத் திட்டுகிறான். தைப்பூசத்துக்குக் கோயிலில் ஆயிரம் மஞ்சள் வேட்டி சேலை நடுவில் நிற்க முடியாமல் பாதியில் வந்துவிட்டேன். பொந்தியான் சாலையோரம் அன்னாசி அடுக்கி விற்பார்கள். அந்தப் பக்கம் போகவேண்டி வந்தால் ஜன்னலை ஏற்றிவிடுவேன். மணம் உள்ளே வரக்கூடாது.

அவன் முகத்தை நான் பார்த்ததேயில்லை. அசைந்த திரையைத்தான் பார்த்தேன். முகம் தெரிந்திருந்தால் ஒரே முகத்துக்குப் பயந்துவிட்டுப் போயிருப்பேன். இப்போது சிவப்பு விளக்கில் என் காருக்குப் பக்கத்தில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு நிற்கிற எவனும் அவனாக இருக்கிறான். பாலம் திறந்தபிறகு காலையில் ஆயிரக்கணக்கான மோட்டார் சைக்கிள்கள் அந்தப் பக்கம் பாய்கின்றன. ஊரே சந்தோஷப்பட்டது. நான் அந்த நேரத்தில் வெளியே போவதில்லை.

என்னோடு நானே வாதாடியும் பார்த்திருக்கிறேன். ஒரு கூடை என்ன பெரிய கூடை? ஒரு வாரச் சோறு. வாங்கியிருந்தாலும் அவன் வேலைக்குப் போயிருப்பான். அடுத்த வாரம் போயிருப்பான். நடந்ததை நடக்காததோடு ஒப்பிட்டு அடித்துச் சொல்ல முடியாது என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். வாதத்தில் ஒவ்வொரு தரமும் எனக்குத்தான் வெற்றி. ஆனால் அவன் செத்தது ஐந்தாவது நாள். கூடை ஏழு நாளைக்குக் காணும். அந்த ஐந்தும் ஏழும் மட்டும் எந்த வாதத்துக்கும் மசிவதில்லை.

சில மாதங்களுக்கு முன் அந்த அறநிலையத்திலிருந்து மறுபடி கடிதம் வந்தது. கடன் முற்றி விலைவாசி தலைக்குமேல் ஏறிய வேறொரு நாட்டில் இதே முறையில் உதவி கொடுக்கப்போகிறார்களாம். அவர்கள் ஆட்களுக்கு இணையவழி நான் ஒரு மணி நேரம் பேசவேண்டும். என் அறிக்கையிலிருந்து, கொடி கட்டிய எந்த வீடும் விடுபடவில்லை என்ற அந்த ஒரு வரியை எடுத்துப் பெரிய எழுத்தில் போட்டு அனுப்பியிருந்தார்கள். அந்த நாட்டில் எந்த வாசலில் என்ன நிறம் என்ன பொருள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கு முடிவு செய்தேன்: நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுவது. ஆனால் அந்தப் பெண்ணிடம் சொல்லாததை முன்பின் தெரியாதவர்களிடம் சொல்வது சரியில்லை. முதலில் அவளிடம் சொல்லவேண்டும். இந்த நினைப்பு வந்ததிலிருந்து, நான் ரொம்ப நேர்மையானவள் என்று எனக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். அதே வீடு. அவள் இப்போது சிங்கப்பூரில் அலுவலகங்களைச் சுத்தம் செய்யும் வேலைக்குப் போகிறாள். விடிவதற்கு முன் பஸ் பிடிக்கிறவள். மகள் தேவார வகுப்புக்குப் போயிருந்தாள். கூடத்தில் நின்று வேலைக்குப் போடும் சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டு சிரித்தாள். உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது. கழுத்தில் மெல்லிய சங்கிலி ஒன்று போட்டிருந்தாள்.

"வாங்க கா. எவ்ளோ நாளாச்சு. உக்காருங்க, கோப்பி போடுறேன்."

"வேணாம்மா. ஒரு விசயம் சொல்லிட்டு போயிடுறேன்."

சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அன்று வேனில் நான்கு கூடை இருந்தது, துணியைப் பார்த்து அம்மை போட்ட வீடு என்று நினைத்தது, கேட்டுப் பார்க்கலாம் என்ற பாக்சிக்கை அடக்கியது, பிறகு கூடை தீர்ந்துவிட்டது என்று சொன்னது பொய் என்பது, எல்லாம். சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது. அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, போய்ச் சுவிட்சை அணைத்துவிட்டு வந்தாள்.

"அப்ப கலர்தானா கா?" என்றாள்.

நான் தலையாட்டினேன்.

"அவரு வெள்ளையாவே கட்டு, யாரு பாக்கப்போறான்னு சொன்னாரு. நாந்தான் கேக்கல. மஞ்சத்தூள கரைச்சது நானு. ரெண்டு தடவ நனைச்சேன், மொத தடவ கலர் சரியா புடிக்கலன்னு." அவள் கையில் பாதி மடித்த சட்டை இருந்தது. அதை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "அவரு போனதுலேருந்து மண்டையில இது ஒண்ணுதான். அதனாலதான் அன்னிக்கு உங்ககிட்ட அப்படி கேட்டேன். நீங்க கூடை தீந்துபோச்சுன்னு சொன்னீங்க. அன்னிக்குத்தான் கா நான் தூங்கினேன். இத்தன வருசமா அந்த ஒரு வார்த்தைய புடிச்சிக்கிட்டுதான் இருந்தேன்."

"தப்பு உங்களுது இல்லம்மா. என்னுது. நான்தான்..."

"அலமாக், அழாதீங்க கா" என்றாள். எனக்கு முகம் துடைக்கத் துண்டு எடுத்துக் கொடுத்தாள். "நீங்க என்கிட்ட வந்து சொல்லிட்டீங்க. நான் யார்கிட்ட போய் சொல்றது?"

அவள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பொண்ணு வர்ற நேரம் கா. அவளுக்கு இது தெரிய வேணாம்."

வாசல்வரை வந்து கேட்டைத் திறந்துவிட்டாள். பாத்து போங்க என்று சொல்லவும் மறக்கவில்லை. அவள் உள்ளே போனாள். இஸ்திரிப் பெட்டியை மறுபடி போட்டிருக்க வேண்டும், ஜன்னலில் அவள் தலை குனிந்திருப்பது தெரிந்தது. நான் போய்க் காரில் உட்கார்ந்தேன். இத்தனை வருடத்தில் முதல்முறையாக எனக்கு நெஞ்சு லேசாக இருந்தது. அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.